மீட்பா, மீட்சியா?

‘பெருந்தொற்றுக்குப் பிந்தைய விளையாட்டு நிகழ்வுச் சுற்றுலா மீட்பு’ என்று தலைப்பிட்ட பயிலரங்க அழைப்பிதழ் ஒன்று காட்பாடியில் கைக்கு வந்தது. இந்த ‘மீட்பு’ என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. எந்தச் சுற்றுலா கிணற்றில் விழுந்தது, யார் கயிறு போட்டார்கள்?

‘மீட்பு’ என்று இவர்கள் பெயர்த்திருக்கும் ஆங்கில ‘ரெகவரி’ லத்தீன் வழி வந்தது. இழந்ததைத் திரும்பப் பெறுவதும் நோயிலிருந்து தேறுவதும் அதில் அடக்கம். தமிழில் இவை இரண்டு வினைகள். மீண்டான் என்றால் அவனே திரும்பினான். மீட்டான் என்றால் வேறொன்றைத் திரும்பக் கொண்டுவந்தான். முன்னதன் பெயர் மீட்சி (ஆள், ஆட்சி, நீள், நீட்சி போல). பின்னதன் பெயர் மீட்பு.

அடகுக் கடையில் வைத்த வளையலை மீட்கிறோம். வட்டியும் முதலும் கட்டி, ரசீதை நீட்டினால்தான் வரும். வளையல் தானாக வீட்டுக்கு நடந்து வராது. தீயணைப்புத் துறையின் பெயரில் ‘மீட்புப் பணிகள்’ இருப்பதும் சரிதான். காய்ச்சலில் படுத்தவர் எழுந்து நடந்தால் மீண்டுவிட்டார் என்கிறோம், மீட்டுவிட்டார் என்றா சொல்கிறோம்?

‘அரசு கடனும் சலுகையும் தருகிறதே, அப்போது மீட்பு என்பது பொருந்தாதா?’ என்று கேட்பார்கள். அரசின் செயலுக்கு அது பொருந்தலாம், விளைவுக்குப் பொருந்தாது. 2020 டோக்கியோ ஒலிம்பிக்கை ஓராண்டு தள்ளி 2021-இல் நடத்தினார்கள். போட்டியை மீட்டார்கள், சரி. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை, பெரும்பாலான அரங்குகள் காலி. சுற்றுலா எங்கே மீண்டது? 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் முதல் டெஸ்ட் ஆளில்லாமல் நடந்தது. அடுத்த டெஸ்டுக்குப் பாதி இருக்கைகளைத் திறந்தார்கள். கதவைத் திறப்பது ஒருவர் வேலை, ஊர் விட்டு ஊர் வந்து டிக்கெட் எடுத்து உட்காருவது மக்கள் வேலை. அந்த இரண்டாவதுதான் மீட்சி.

நம் பக்கத்து எருது விடும் விழாவையே பாருங்கள். கிருஷ்ணகிரியிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் காளைகள் வருகின்றன. குறித்த தூரத்தை எத்தனை நொடியில் ஓடுகிறது என்று கணக்குப் பார்க்கிறார்கள். தெருவோரத்தில் கரும்புச்சாறும் பஜ்ஜியும் விற்கின்றன. கூட்டம் பழையபடி திரும்பினால் அந்தக் கடைக்காரர் ‘வியாபாரம் மீண்டுடுச்சு’ என்றோ, ‘பழையபடி ஆயிடுச்சு’ என்றோதான் சொல்வார். மீட்சி புத்தகச் சொல், யாருக்கும் புரியாது என்பவர்களுக்கு மீண்டும் என்ற சொல் எங்கிருந்து வந்ததாம்?

‘-பு’ விகுதியில் குற்றமில்லை. பிறப்பும் இறப்பும் தன்வினைதானே என்று ஒருவர் மடக்கக்கூடும். குறை விகுதியில் இல்லை, பிறவினையான ‘மீட்’ என்ற அடியில் இருக்கிறது.

அப்புறம் அந்த ‘விளையாட்டு நிகழ்வுச் சுற்றுலா’. விளையாட்டாகப் போய் வந்த சுற்றுலா என்றும் படிக்கலாம். மூன்று பெயர்ச்சொற்களை ஒட்டி வைத்து வினையை விழுங்கிவிடுவது இப்போதைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். ‘போட்டி காண வருவோரின் சுற்றுலா: பெருந்தொற்றுக்குப் பின் மீட்சிக்கு உதவுதல்’ என்று போட்டிருக்கலாம். அழைப்பிதழில் இடம் தாராளமாகவே இருந்தது. பாதிப் பக்கத்தை விருந்தினர் பட்டங்கள் அடைத்திருந்தன.