கூகுளைத் தவிர மற்ற வாசல்கள்: குமுளி ஏலக்காய்க் கடைக்கு அவற்றால் ஆள் வருமா?

குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கும் கடைக்காரர் ஒருவர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். கூகுளில் தேடினால் கடை வருகிறது. பிங், டக்டக்கோ, ஈகோசியா போன்ற சின்னத் தேடுபொறிகளுக்காகவும் மெனக்கெட வேண்டுமா? ஒரு மதியம் உட்கார்ந்து பிங்குக்கான வேலையை முடித்துவிட்டால் போதும். மற்றவற்றில் பெரும்பாலானவை தானாகவே பின்னால் வரும். அதற்கு மேல் மாதாமாதம் காசு கொடுத்து யாரிடமும் இந்த வேலையை ஒப்படைக்கத் தேவையில்லை.

ஏன் பிங் மட்டும் போதும் என்பதற்குப் போடி, புற்றடி ஏலக்காய் ஏலக் கூடங்களை நினைத்துக்கொள்ளலாம். கடைகளில் எத்தனை பெயர் அச்சடித்த பாக்கெட் தொங்கினாலும், உள்ளே இருக்கும் காயில் பெரும்பகுதி அந்த ஏலக் கூடங்கள் வழியாக வந்ததுதான். தேடுபொறிகளின் கதையும் அதுவே. இணையம் முழுக்க பாட் (பக்கங்களைத் தானாகவே படித்துவரும் நிரல்) அனுப்பி, கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிவைக்கும் பெரிய பேரேட்டுக்குப் பெயர் இண்டெக்ஸ். அதைக் கட்டிக் காப்பது பெருஞ்செலவு. கூகுள், பிங், ரஷ்யாவின் யான்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவை சொந்த இண்டெக்ஸ் வைத்திருக்கின்றன. 2021-ல் வந்த பிரேவ் தேடலும் இங்கிலாந்தின் மோஜீக்கும் சிறிய அளவில் வைத்திருக்கின்றன. யாஹூ பிங்கிடமிருந்து வாங்குகிறது. டக்டக்கோ காட்டும் இணைப்புகளில் பெரும்பகுதி பிங்கிலிருந்து வருகிறது. ஈகோசியா பிங், கூகுள் இரண்டையும் எடுத்தாள்கிறது. பிங்கில் இல்லாத கடை, யாஹூ, டக்டக்கோ வாசல்களிலும் பெரும்பாலும் சேர்த்தே காணாமல் போகும்; ஈகோசியாவிலும் பாதி வழி அடைபடும்.

முதலில் பிங்கில் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைக் கொடுத்துத் தேடிப் பாருங்கள். இருபது பக்கம் உள்ள தளத்துக்கு இரண்டு மட்டும் வந்தால் கோளாறு இருக்கிறது. தளம் பிங்கில் எப்படி ஏறியிருக்கிறது என்று காட்டும் பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் கணக்குத் தொடங்கினால், கூகுளின் இதே போன்ற சேவையான சர்ச் கன்சோலில் ஏற்கெனவே உள்ள தளத்தை அப்படியே இறக்கிக்கொள்ளும் வசதி உண்டு. உரிமையைத் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. சைட்மேப் (தளத்தின் பக்க முகவரிகளின் பட்டியல்) சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது இண்டெக்ஸ்நவ். மைக்ரோசாஃப்டும் யான்டெக்ஸும் 2021 அக்டோபரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. பாட் வரும்வரை காத்திருக்காமல், 'இந்தப் பக்கம் மாறியிருக்கிறது' என்று தளமே சொல்லி அனுப்பும். 8 முதல் 128 எழுத்து வரை நீளமுள்ள ஒரு சாவியை உருவாக்கி, அதே பெயரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பைத் தளத்தின் முதல் அடுக்கில் வைத்து, உள்ளேயும் அந்தச் சாவியையே எழுத வேண்டும். ஒரே தடவையில் 10,000 முகவரி வரை அனுப்பலாம். பதிலாக 200 வந்தால் சரி. 403 வந்தால் சாவி பொருந்தவில்லை. பெரும்பாலும் கோப்பு வேறு ஃபோல்டரில் போய் உட்கார்ந்திருக்கும். 422 என்றால், அனுப்பிய முகவரி அந்தத் தளத்துடையது அல்ல என்று பொருள். வேர்ட்பிரஸ் தளத்துக்கு இதற்கென்று பிளகின் (தளத்தோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) இருக்கிறது. கூகுள் இதை ஏற்பதில்லை. அங்கே பழைய வழிதான்.

இவ்வளவும் செய்த பிறகும் பக்கம் ஏறவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது பாதுகாப்பு பிளகினை. ஸ்பாம் தொல்லைக்காக 'இந்தியாவுக்கு வெளியிலிருந்து யாரும் வர வேண்டாம்' என்று ஒரு டிக் போட்டுவிடுவார்கள். பிங்பாட் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்துதான் வரும். கடைக்காரர் கைபேசியில் தளம் அருமையாகத் திறக்கும். பிங்பாட்டுக்கோ 403, அதாவது 'அனுமதி இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும். வெளிநாட்டு விருந்தாளியை எதிர்பார்க்கும் ஹோம்ஸ்டேக்கு இது இரட்டை நஷ்டம்.

இன்னொரு கோளாறு, ஜாவாஸ்கிரிப்ட் (பிரவுசருக்குள் ஓடும் நிரல்) ஓடிய பிறகே எழுத்து தெரியும் தளங்கள். கூகுள் அதை ஓட்டிப் பார்க்கும். பிங்கும் ஓட்டும், ஆனால் எல்லாப் பக்கத்துக்கும் அதை நம்பியிருக்க முடியாது. சின்ன பாட்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்க்கவே வேண்டாம். பிரவுசரில் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து '8 எம்எம்' என்று தேடுங்கள். காயின் அளவும் விலையும் அங்கே எழுத்தாக இல்லாவிட்டால், அந்தச் சின்ன பாட்களைப் பொறுத்தவரை உங்கள் பக்கம் வெற்றுத்தாள். விலைப்பட்டியலைப் படமாகப் போடுவதும் இதே தவறு.

எல்லை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஊர்ப் பெயர் தமிழில் குமுளி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் இரண்டு மூன்று விதமாக எழுதுவார். மலையாளி அவர் லிபியில் தேடுவார். இவை எல்லாம் ஓர் ஊர்தான் என்று ஊகிப்பதில் கூகுள் கெட்டி. சின்னப் பொறிகள் எழுதியிருக்கும் சொல்லையே அதிகம் பிடித்துக்கொள்ளும். முகவரிப் பத்தியிலும் வழி சொல்லும் பத்தியிலும் இந்த வடிவங்கள் இயல்பாக இடம்பெறட்டும். பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழை எந்தப் பொறியும் தமிழாகப் படிக்காது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

இனி கணக்கு. வருகையாளரை எண்ணும் கூகுள் அனலிடிக்ஸில் 'டக்டக்கோ வழியாக நாலே பேர்' என்று பார்த்துவிட்டுக் கைவிடுகிறவர்கள் அளவுகோலையே தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். பிரேவ் பிரவுசரும் டக்டக்கோ பிரவுசரும் கூகுள் அனலிடிக்ஸின் ஸ்கிரிப்டைத் தடுத்துவிடும். தனியுரிமைக்காக இந்தப் பொறிகளைத் தேர்ந்தவர்கள்தான் அந்தக் கணக்கில் விழாமல் போகிறவர்கள். சரியான எண்ணிக்கை ஹோஸ்டிங்கின் சர்வர் லாகில் (தளத்துக்கு வந்த ஒவ்வொரு வருகையும் பதிவாகும் கோப்பு) இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ரெஃபரர் என்ற இடத்தைப் பாருங்கள்; எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்வது அது. அங்கே டக்டக்கோவின் முகவரி இருந்தால் வந்தவர் அங்கே தேடியவர். எந்த நிரல் வந்தது என்று சொல்லும் யூசர் ஏஜென்ட் இடத்தில் பிங்பாட் என்றிருந்தால் அது பாட். வாடிக்கையாளரோடு சேர்த்து எண்ணக் கூடாது.

எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது அவசர முடிவு ஆபத்து. எடுத்துக்காட்டாக, தளத்துக்கு வருகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் ஆர்டர் தருகிறார்கள் என்றும், சின்னப் பொறிகள் மாதம் 30 பேரை அனுப்புகின்றன என்றும் வைப்போம். அந்த 30 பேரும் கூகுள் வழி வந்தவர்களைப் போலவே நல்ல வாடிக்கையாளர்களாக இருந்தாலும், ஒரு மாதத்தில் ஓர் ஆர்டர்கூட வராமல் போக நூற்றுக்கு 55 வாய்ப்பு இருக்கிறது. ஆறு மாதம் சேர்த்து 180 பேர் ஆகும்போது அது நூற்றுக்கு மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போதும் பூஜ்யம் என்றால்தான் அந்த வழி பயனில்லை என்று சொல்லலாம்.

யாருக்கு இது உண்மையில் பலன் தரும்? கம்பம், தேனி வட்டாரத்து ஆட்களை மட்டும் நம்பும் கடைக்குக் கிட்டத்தட்ட ஒன்றும் கிடைக்காது. இங்கே தேடல் நடப்பது ஆண்ட்ராய்டு கைபேசியில், அதில் கூகுள்தான். விண்டோஸ் கணினியில் எட்ஜ் பிரவுசரைத் திறந்தபடியே பயன்படுத்தும் அலுவலகங்களுக்கு மொத்தமாக மசாலா விற்பவருக்கும், ஐரோப்பியப் பயணிகளை எதிர்பார்க்கும் ஹோம்ஸ்டேக்கும் பிங் குடும்பம் கணிசமாக உதவும். யான்டெக்ஸுக்குத் தனி முயற்சி, ரஷ்ய மொழியில் பக்கம் இருந்தால் மட்டும். பைடுவை விட்டுவிடலாம்.

ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் வரைபடத்தையும் மறக்கக் கூடாது. டக்டக்கோ 2019 முதல் காட்டுவது ஆப்பிள் மேப்ஸ் வரைபடத்தை. அதில் தொழிலைப் பதிய ஆப்பிளிடமே இலவச வசதி இருக்கிறது. பிங்கின் வரைபடத்தில் பதிய பிங் பிளேசஸ். இரண்டிலும் பதிந்த பிறகு வரைபடத்தைப் பெரிதாக்கி, குறி விழுந்த இடத்தைக் கண்ணால் பாருங்கள். குமுளியில் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு. குறி சற்றே தள்ளி விழுந்தாலும் கடை வேறு மாநிலத்துக்குப் போய்விடும்.