'உம்' போட்டால் ஒன்றும் வராது

லண்டனிலும் பாரிஸிலும் இருக்கிற வாடிக்கையாளர்கள் வேண்டும். மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸைப் பழகத் தொடங்கியவர், வேண்டிய தகவலைக் கேட்கும் க்வெரியை அமைக்க, அதன் டிசைன் திரையைத் திறக்கிறார். 'சிட்டி' பத்தியில், கிரைட்டீரியா (நிபந்தனை) வரிசையில் "லண்டன்" ஆண்ட் "பாரிஸ்" என்று எழுதி ரன் கொடுக்கிறார். ஒரு ரெக்கார்டுகூட, அதாவது ஒரு வாடிக்கையாளருக்கான வரிகூட, வராது. சாஃப்ட்வேர் கெட்டுப்போய்விட்டதோ என்று தோன்றும்.

கோளாறு நம் 'உம்'மில் இருக்கிறது. லண்டனிலும் பாரிஸிலும் என்று நாம் சொல்லும்போது இரண்டு கூட்டத்து ஆட்களைச் சேர்க்கிறோம். ஆக்சஸ் சேர்ப்பது ஆட்களை அல்ல, நிபந்தனைகளை. ஒவ்வொரு ரெக்கார்டாக எடுத்து, இவருடைய ஊர் லண்டனா, அதே ஊர் பாரிஸாகவும் இருக்கிறதா என்று கேட்கிறது. அப்படி ஓர் ஊர் ஏது? கேட்க வேண்டியது 'அல்லது'.

இதை வாயால் விளக்கினால் மண்டை காயும். டிசைன் திரையில் உள்ள கட்டத்தைக் காட்டினால் அரை நிமிட வேலை. கட்டத்தில் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் எழுதியதெல்லாம் சேர்ந்தே பொருந்த வேண்டும். கீழ் வரிசைக்கு இறங்கினால் அது 'அல்லது'. லண்டனை மேலேயும் பாரிஸைக் கீழேயும் எழுதுங்கள். ஆக்சஸோடு முன்பு வந்த நார்த்விண்ட் மாதிரித் தரவுத்தளத்தில் லண்டனில் 6 பேர், பாரிஸில் 2 பேர். இப்போது 8 ரெக்கார்டுகள் வரும்.

இந்தக் கட்டம் ஆக்சஸ் கண்டுபிடித்ததல்ல. ஆக்சஸ் வந்தது 1992இல். அதற்கு வெகுமுன்பே, 1970களின் நடுவில், ஐபிஎம்மில் மோஷே ஸ்லூஃப் 'க்வெரி பை எக்ஸாம்பிள்' என்ற முறையை உருவாக்கியிருந்தார். திரையில் காலி அட்டவணை தோன்றும். வேண்டிய விடையின் மாதிரியை அதில் எழுதிக் காட்டினால் போதும். இரண்டு அட்டவணைகளை இணைக்க, இரண்டிலும் ஒரே மாதிரி மதிப்பை எழுத வேண்டும். அந்த வேலையை ஆக்சஸில் இரண்டு அட்டவணைகளுக்கும் நடுவே போடும் ஒரு கோடு செய்கிறது.

சரி, படம் போட்ட பாடம் எல்லாமே இப்படி உதவுமா? இல்லை. படம் ஒரு பக்கம், விளக்கம் இன்னொரு பக்கம் என்றிருந்தால் கண் அங்குமிங்கும் அலைந்தே களைத்துவிடும். ஜான் ஸ்வெல்லரும் பால் சாண்ட்லரும் 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: விளக்கம் படத்துக்குள்ளேயே, உரிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கற்பது எளிதாகிறது. வீடியோ பாடங்களில் எனக்குள்ள குறையும் இதுதான். மவுஸ் பறக்கும், குரல் வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கும். நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

கோட்டின் அருமை தெரிய, அதை ஒருமுறை அழித்துப் பாருங்கள். நார்த்விண்டில் ஓர் அட்டவணையில் 77 பொருட்கள், இன்னொன்றில் 8 வகைகள். இரண்டு அட்டவணைகளையும் க்வெரியில் போட்டால் நடுவே கோடு தானாக வரும். விடை 77 வரிகள். கோட்டைச் சொடுக்கி டெலீட் அழுத்துங்கள். எந்தப் பொருள் எந்த வகை என்று சொல்ல ஆளில்லாததால், ஆக்சஸ் ஒவ்வொரு பொருளையும் எல்லா வகைகளோடும் ஜோடி சேர்த்துவிடும். பட்டியலில் 'சாய்' என்ற தேநீர் இருக்கிறது. அது கடல் உணவிலும் வந்து நிற்கும். திரையின் அடியில் ரெக்கார்டு எண்ணிக்கை 616 என்று காட்டும்.