ராக்கெட் எரிபொருள் வலிப்பைக் கொண்டுவருவது எப்படி?

ஆக்சிகரணியோடு (எரிவதற்கு ஆக்சிஜனைத் தரும் பொருள்) கலந்த நொடியே, தீப்பொறி இல்லாமல் பற்றிக்கொள்ளும் எரிபொருள் ஹைட்ரசின். அப்பல்லோ கலம் நிலவில் இறங்கியதும் கிளம்பியதும் இந்தக் குடும்பத்து எரிபொருளில்தான். மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் நம் விகாஸ் ராக்கெட் எஞ்சினும் அப்படியே. ஆனால் இது உடம்புக்குள் அதிகம் போனால் வலிப்பு வரும்.

மூளையில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களைத் தூண்டும், காபா என்ற இன்னொன்று அடக்கும். அந்தக் காபாவே குளுட்டமேட்டிலிருந்துதான் உருவாகிறது! ஒரு நொதி அதிலிருந்து சிறு துண்டை வெட்டி எடுக்கிறது, அவ்வளவுதான். அந்த நொதிக்குத் துணையாக, வைட்டமின் பி6-இலிருந்து கிடைக்கும் பிரிடாக்சல் பாஸ்பேட் வேண்டும். ஹைட்ரசின் போய் ஒட்டிக்கொள்வது இதன்மேல்தான். பிரிடாக்சல் பாஸ்பேட் புதிதாக உருவாவதையும் தடுத்துவிடும். ஆக, இந்த நஞ்சு ஆக்சிலேட்டரை மிதிப்பதில்லை, பிரேக்கைக் கழற்றிவிடுகிறது.

சாதாரணமாக நரம்பணுக்கள் ஆளுக்கொரு நேரத்தில் துடிக்கும். அதனால் மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யில் தெரிவது சில பத்து மைக்ரோவோல்ட் உயரமுள்ள சின்ன அலைகள். காபா குறைந்தால் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றாகச் சேர்ந்து துடிக்கத் தொடங்கும். கூரான முனைகள் எழும்பும், அப்புறம் வலிப்பு.

1960-களில் கலிஃபோர்னியாவில் மூளை ஆய்வாளர் பேரி ஸ்டெர்மன் இதைப் பூனைகளிடம் ஆராய்ந்தார். அவற்றில் சில, உடம்பை அசைக்காமல் 12 முதல் 15 ஹெர்ட்ஸ் மூளை அலையை வரவழைக்க ஏற்கெனவே பழகியவை. ஹைட்ரசின் குடும்பத்து மோனோமெத்தில் ஹைட்ரசினைச் செலுத்தியபோது அவற்றுக்கு வலிப்பு மற்றவற்றைவிடத் தாமதமாகவே வந்தது. பயிற்சியால் மூளையின் தாங்கும் திறனைக் கூட்டலாம் என்ற எண்ணம் இங்கேதான் வலுப்பெற்றது. வலிப்பு நோயாளிக்கு இப்படிப் பயிற்சி கொடுத்த முதல் அறிக்கையை அவர் 1972-இல் வெளியிட்டார். பூனைகள் பட்ட பாட்டை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சரி, சிகிச்சை? வலிப்புக்கு வழக்கமாகப் போடும் டயசிபாம் காபாவின் வேலையைக் கூட்டும் மருந்து. காபாவே போதாத இடத்தில் அது எதைக் கூட்டும்? அதனால் மருத்துவர்கள் பி6-ஐயே ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். ஒரு நாளைக்கு நமக்குத் தேவை சுமார் 2 மில்லிகிராம். இங்கே ஏற்றுவதோ கிராம் கணக்கில்.

காசநோய் மருந்தான ஐசோனியாசிடும் ஹைட்ரசினின் உறவுதான். அளவு மீறினால் அதே வலிப்பு, அதே பி6 சிகிச்சை. வழக்கமான அளவிலும் அது பி6-ஐக் குறைத்து, கை கால்களை மரத்துப்போகச் செய்யலாம். காசநோய் மாத்திரைகளோடு ஒரு பி6 மாத்திரையும் சேர்த்துத் தருவது அதனால்தான். அதைச் சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடக் கூடாது.