14 வயதுப் பிள்ளைக்கு எதற்கு நீர்க்கட்டி ஸ்கேன்?

இந்த மாதத்தில் இப்படி என் கிளினிக்குக்கு வந்த பிள்ளைகளில் இவள் நான்காவது. வயது 14, வயதுக்கு வந்து ஒன்றரை வருடம். 40 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வந்துகொண்டிருந்தது. யாரோ சொல்லி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘நீர்க்கட்டி’. அன்றிலிருந்து சோறு, பால், முட்டை, கோழி எல்லாம் வீட்டில் தடை. நான்கு மாதத்தில் எட்டு கிலோ இறங்கிவிட்டாள். இப்போது மாதவிடாயே நின்றுவிட்டது.

வயதுக்கு வந்த முதல் மூன்று வருடங்களில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். 40 நாளுக்கு ஒருமுறை வந்தது நோயே இல்லை.

நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது கட்டி அல்ல. சினைப்பையில் கருமுட்டை வளர்கிற சின்னச் சின்னப் பைகள். இந்த வயதில் நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கே நிறைய தெரியும். அதனால்தான் வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் (சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு) என்று முடிவுகட்டக் கூடாது என்று 2018-லேயே சர்வதேச வழிகாட்டுதல் வந்தது. மாதவிடாய் தவறுவதோடு முகத்தில் முடி, அடங்காத பரு போன்றவையும் சேர்ந்திருந்தால்தான் நாங்கள் அந்தப் பக்கமே யோசிப்போம்.

உண்மையில் தேட வேண்டியவை வேறு. சட்டென்று ஏறிய எடை, சட்டென்று இறங்கிய எடை, தைராய்டு, பொதுத்தேர்வுப் பதற்றம், தூக்கமின்மை, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ட்யூஷனுக்கு ஓடுவது, பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத விளையாட்டு, சில வலிப்பு மாத்திரைகள். இதையெல்லாம் பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் அம்மாதான் பதில் சொல்கிறார்! ஐந்து நிமிடம் அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி: “எனக்குக் குழந்தை பிறக்காதா டாக்டர்?”

90 நாள் தாண்டியும் வரவில்லை, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருகிறது, ஏழு நாள் தாண்டியும் ரத்தப்போக்கு நிற்கவில்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் நாப்கின் நனைந்துவிடுகிறது, 15 வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வாருங்கள். ‘கெட்ட ரத்தம்தானே போகிறது’ என்று விட்டுவிடாதீர்கள், ரத்தசோகை வந்துவிடும். திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று பிள்ளையின் காதுபடப் பேசாதீர்கள்.

இவளுக்கு மற்ற காரணங்களையும் பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறேன். அதற்கு முன்பே, இன்றிலிருந்து மூன்று வேளையும் வயிறாரச் சாப்பாடு. அடுத்த முறை ஸ்கேன் வேண்டாம்மா, தேதி குறித்த காலண்டரைக் கொண்டுவாருங்கள்.