டிஸ்ப்ளே: எக்ஸ் விண்டோ சிஸ்டத்துல இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், தமிழ்ல எப்படிச் சொல்லலாம்

லினக்ஸ்லயோ வேற யூனிக்ஸ்லயோ இன்னொரு மெஷினுக்குள்ள லாகின் பண்ணி எக்ஸ்டெர்ம் (கமாண்ட் அடிக்கிற ஜன்னல்) மாதிரி ஒரு புரோகிராம ஓட்டினா சில நேரம் "கேன்ட் ஓப்பன் டிஸ்ப்ளே"ன்னு ஒத்த வரி வந்து நின்னுடும், புதுசா பாக்குறவங்க உடனே மானிட்டர் கேபிள், கிராஃபிக்ஸ் டிரைவர்னு நோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. அங்க ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா இந்த இடத்துல டிஸ்ப்ளேன்னா மானிட்டர் இல்ல.

எக்ஸ்ல, அதாவது யூனிக்ஸ் மெஷின்கள்ல ஜன்னல்கள வரைஞ்சு காட்டுற எக்ஸ் விண்டோ சிஸ்டத்துல, டிஸ்ப்ளேன்னா ஒரு ஆள் உக்காந்து வேலை பாக்குற முழு செட்டு: கீபோர்டு, மவுஸ், கூட ஒரு ஸ்கிரீனோ பல ஸ்கிரீனோ, இதையெல்லாம் கட்டி மேய்க்கிற எக்ஸ் சர்வர். அந்த சர்வரோட விலாசம்தான் டிஸ்ப்ளேன்னு கேபிடல் எழுத்துல இருக்கிற என்விரான்மென்ட் வேரியபிள், அதாவது ஓடுற புரோகிராம்கள் எடுத்துப் பாத்துக்கிற ஒரு மதிப்பு. முதல்ல மெஷின் பேரு, அப்புறம் கோலன் போட்டு டிஸ்ப்ளே நம்பர், புள்ளி வச்சு ஸ்கிரீன் நம்பர். வெறும் :0 ன்னு இருந்தா இதே மெஷின்ல சாக்கெட் வழியா போகும், மெஷின் பேரு இருந்தா நெட்வொர்க் வழியா, 6000த்தோட டிஸ்ப்ளே நம்பரக் கூட்டினா வர்ற போர்ட்டுக்குப் போகும்.

சொல்லோட வேர் லத்தீன். 'டிஸ்ப்ளிகாரே'ன்னா மடிப்பப் பிரிச்சு விரிக்கிறது, பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குள்ள வந்து விரிச்சுக் காட்டுறதுன்னு ஆச்சு. எக்ஸ் பொறந்தது 1984ல, எம்ஐடியோட அதீனா திட்டத்துல, ராபர்ட் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் ஆரம்பிச்சது, ஸ்டான்ஃபோர்டுல இருந்து வந்த டபிள்யூங்கிற சிஸ்டத்துக்கு அடுத்த எழுத்துதான் பேராச்சு, இன்னிக்கும் ஓடுற 11வது வெர்ஷன் 1987ல வந்தது. புரோகிராம் எந்த மெஷின்லயும் ஓடட்டும், ஜன்னல் மட்டும் என் முன்னாடி வரட்டும்ங்கிறதுதான் அவங்க யோசனை. அதனாலதான் எக்ஸ்ல சர்வர் நம்ம மேசையில இருக்கும், கிளையன்ட், அதாவது புரோகிராம், எங்கியோ தூரத்துல ஓடும்.

இதப் புரிஞ்சிக்கிட்டா தமிழ்ச்சொல் ஏன் இடிக்குதுன்னும் தெரியும். திரைன்னு போட்டா அது ஸ்கிரீனுக்குப் போயிடும், ஒரு டிஸ்ப்ளேக்குள்ளயே பல திரை இருக்கலாமே. காட்சின்னா கண்ணுக்குத் தெரியுறது மட்டும்தான், கீபோர்டும் மவுஸும் வெளிய நின்னுடும். டெர்மினலுக்கு முனையம்னு ஏற்கனவே புழங்குறோம், அதனால நான் 'காட்சிமுனையம்'னு சொல்லுவேன். "காட்சிமுனையத்தை அணுக முடியவில்லை"ன்னு பிழைச்செய்தி வந்தா யாரும் கேபிளப் புடுங்கிப் பாக்க மாட்டாங்க, எந்த முனையம்னுதான் கேப்பாங்க, அதுதான் சரியான கேள்வி.

பிழைய சரி பண்றப்பவும் அந்தக் கேள்விதான். வரியோட கடைசில கோலனுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லன்னா வேரியபிள் காலி: இன்னொரு மெஷினுக்குள்ள லாகின் பண்ற எஸ்எஸ்எச்ச எக்ஸ் ஆப்ஷன் இல்லாம ஓட்டிருப்பீங்க, இல்லன்னா குறிச்ச நேரத்துல தானா வேலைய ஓட்டுற கிரான்ல இருந்து ஓடுது. ஆப்ஷன் போட்டும் காலியா இருந்தா அந்தப் பக்க மெஷின்ல எக்ஸ் ஃபார்வர்டிங் (ஜன்னல எஸ்எஸ்எச் வழியா இங்க அனுப்புறது) அனுமதி இல்ல, இல்ல அனுமதிச்சீட்டப் பாத்துக்கிற எக்ஸ்ஆத் புரோகிராமே அங்க இன்ஸ்டால் ஆகல. சரியா வேலை செஞ்சா லோக்கல்ஹோஸ்ட்:10.0 மாதிரி ஒண்ண எஸ்எஸ்எச்சே வச்சிடும், அதுல கை வைக்காதீங்க, பேஷ் ஷெல் ஆரம்பிக்கிறப்ப படிக்கிற ஃபைல்ல :0 ன்னு எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருந்தா அது இத அழிச்சிடும், மொதல்ல அந்த வரியத் தூக்குங்க. பழைய குறிப்புகள்ல மெஷின் பேரோட :0 ன்னு நேரா வைக்கச் சொல்லிருப்பாங்க, ஆனா 2015ல வந்த எக்ஸ்.ஆர்க்ங்கிற எக்ஸ் சர்வரோட 1.17 வெர்ஷன்ல இருந்து சர்வர் தானா அந்த 6000 போர்ட்டத் தொறக்கிறதில்ல.

"நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைட்"னு கூட ஒரு வரி வந்தா விலாசம் சரி, கதவு வரைக்கும் போயாச்சு, ஆனா அனுமதிச்சீட்டு இல்ல. அந்தச் சீட்டுக்குப் பேரு மேஜிக் குக்கி, 128 பிட் ரகசிய எண், பெரும்பாலும் உங்க ஹோம்ல எக்ஸ்அத்தாரிட்டி ஃபைல்ல இருக்கும், எஸ்யூ போட்டு வேற யூசரா மாறினா அவருக்கு அது கிடைக்காது. யார உள்ள விடலாம்னு சர்வருக்குச் சொல்ற எக்ஸ்ஹோஸ்ட் கமாண்ட்ல லோக்கல்யூசர்னு அந்த ஒருத்தர் பேர மட்டும் சேத்துவிட்டா போதும். நிறைய பேரு வெறும் பிளஸ் போட்டு எல்லாருக்கும் தொறந்துவிடச் சொல்றாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, சர்வரோட ஒட்டிக்கிட்ட எந்தப் புரோகிராமும் நீங்க அடிக்கிற பாஸ்வேர்டக் கூடப் படிக்கலாம்.

எக்ஸுக்குப் பதிலா வேலண்ட்ங்கிற புது முறை வந்த பிறகும், பழைய புரோகிராம்கள் அதுக்குள்ள ஓடுறதுக்கான எக்ஸ்வேலண்டுக்காக இதே வேரியபிள் வச்சுக் குடுக்கப்படுது, வேலண்டுக்குன்னு தனியா வேலண்ட் டிஸ்ப்ளேன்னு இன்னொண்ணு இருக்கு, அங்க பிழை வந்தா ரெண்டையும் பாருங்க.