புள்ளி எங்கே போனது? செயலிக்குள் உடையும் தமிழ்

கொழுந்து நிறையும் பேர்க் கணக்கும் காட்டும் ஒரு தேயிலைத் தோட்டச் செயலியை இலங்கையின் ஹட்டனில் யாரோ திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொத்தான்களில் தமிழ் அழகாக இருக்கிறது. ‘அறிவித்தல்’ என்பதைத் தொட்டதும் திரை முழுக்க வட்டத்துக்குள் ஆர், மேலே கோடு போட்ட ஏ என்று கிறுக்கல். எழுத்துருவைத்தான் எல்லாரும் முதலில் திட்டுவார்கள். அது பாவம். எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் வரும். பொத்தான்கள் செயலியோடு வந்தவை. அறிவித்தலோ வெப்வியூ என்ற உள் உலாவியில் திறக்கும் வலைப்பக்கம். கோளாறு அந்த வழியில்தான்.

‘தேயிலை’ பார்வைக்கு 3 எழுத்து. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் எண் தரும் யுனிகோடில் 6 குறிகள், அவற்றைப் பைட்களாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ‘த’ என்றால் 224, 174, 164. இதை விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கத்தியப் பட்டியலை வைத்துப் படித்தால், 224 கோடு போட்ட ஏ ஆகும், 174 ® ஆகும், 164 ¤ ஆகும். சிங்களமும் 224இல்தான் தொடங்கும். ஆனால் அடுத்த பைட் 182 அல்லது 183, அதாவது ¶ அல்லது ஒரு நடுப்புள்ளி. தமிழுக்கு 174 அல்லது 175. இருமொழி அறிவித்தல் குழம்பிக் கிடந்தாலும் எந்த வரி எந்த மொழி என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கிறுக்கல் வந்தால் நிம்மதியாக இருங்கள். பெரும்பாலும் பைட்கள் பத்திரமாக உள்ளன, படித்த விதம்தான் பிழை. � வந்தால் பொருந்தாத பைட்களை உலாவி தூக்கி எறிந்திருக்கிறது. மூலக் கோப்பு வேறு குறிமுறையில் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) இருக்கலாம், அல்லது ஓர் எழுத்தின் 3 பைட் நடுவில் வெட்டுப்பட்டிருக்கலாம். தரவுத்தளத்திலேயே வரிசையாகக் கேள்விக்குறிகள் கிடந்தால் தமிழ் போயே போய்விட்டது. மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை.

ஆண்ட்ராய்டில் அதிகம் பேர் சறுக்கும் இடம், வெப்வியூவுக்குள் பக்கத்தை ஏற்றும் ‘லோட்டேட்டா’ என்ற கட்டளை. அதன் மூன்றாவது இடத்தில் ‘யூடிஎஃப்-8’ என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த இடம் எழுத்துக் குறிமுறைக்கானதே அல்ல; தரவு பேஸ்64 வடிவில் (பைட்களைச் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றும் வடிவம்) இருக்கிறதா என்று சொல்வதற்கானது. குறிமுறையை இரண்டாவது இடத்தில், உள்ளடக்க வகையோடு ஒட்டி ‘சார்செட்’ என எழுத வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு: நிறக் குறியீட்டில் வரும் # அடையாளத்தோடு பக்கம் பாதியில் அறுந்துவிடும். ‘லோட்டேட்டாவித்பேஸ்யூஆர்எல்’ கட்டளைக்கு மாறினால் இரண்டு தலைவலியும் தீரும். அதன் நான்காவது இடம் உண்மையிலேயே குறிமுறைக்குரியது.

பக்கம் சேவையகத்திலிருந்து வந்தால் முதலில் பக்கத்தோடு அது அனுப்பும் தலைப்புத் தகவலைப் பாருங்கள். குறிமுறை இதுதான் என்று தலைப்பு ஒன்று சொல்லி, பக்கத்துக்குள் உள்ள மெட்டா வரி வேறொன்று சொன்னால் தலைப்புத்தான் வெல்லும். மெட்டா வரியும் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் தரவுத்தள இணைப்பு லத்தீன்1இல் (விண்டோஸ்-1252க்கு அங்கே உள்ள பெயர்) இருந்தால் சேமிக்கும்போதே தமிழ் இரட்டிப்பாக மாறும். ‘த’வின் 3 பைட் 6 ஆகிவிடும். விண்டோஸ்-1252 பைட்களாகத் திருப்பி, அதை யூடிஎஃப்-8 ஆகப் படித்தால் மீளும். ஆனால் அந்தப் பட்டியலில் 129, 141, 143, 144, 157 ஆகிய இடங்கள் காலி. ‘உ’கரக் கொம்பு 129இல் முடிகிறது, புள்ளி 141இல், ஏ 143இல், ஐ 144இல். கண்டிப்பான மாற்றி இங்கே பிழை காட்டி நிற்கும். ‘பிழையை விட்டுவிடு’ என்று சொன்னீர்களோ, மெய்யெழுத்தெல்லாம் புள்ளி இழந்து நிற்கும். நகலெடுத்து வைக்காமல் இதில் கை வைக்காதீர்கள்.

ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் தரும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய சுற்றறிக்கைகள் தனிக் கதை. அங்கே ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. குறிமுறையை எப்படித் திருத்தினாலும் அசையாது. பாமினி-யுனிகோட் மாற்றி ஒன்றுதான் வழி.

தமிழ் சரியாகத் தெரிந்தும் ‘கொட்டகலை’ தேடலில் சிக்காமல் போகலாம். ‘ொ’ ஒரே குறியாகவும் வரும், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் வரும். ஊர்ப் பெயர் 8 குறியா 9 குறியா என்பது அதைப் பொறுத்தது. சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ‘ஏழு பேர், ஐந்து கிலோ கொழுந்து’ என்று ஒரு வரி அனுப்பிப் பாருங்கள். ஏ, ஐ, உகரக் கொம்பு, புள்ளி, ‘ொ’ ஐந்தும் அதில் உண்டு. கூடவே ஒரு சிங்களச் சொல்லும் ஒரு சிரிப்பு முகமும் சேருங்கள். முகம் 4 பைட் என்பதால், அட்டவணை இன்னும் 3 பைட் மட்டுமே தாங்கும் மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’இல் இருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும், ‘யூடிஎஃப்8எம்பி4’ ஆக மாற்றினால் போகும்.