மடியில் ஆடாமல் அசையாமல் ஒரு கினிப்பன்றி

கூண்டிலிருந்து தூக்கி மடியில் வைத்ததும் கினிப்பன்றி பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "எவ்வளவு சமர்த்து, அதற்குள் பழகிவிட்டதே!" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெரும்பாலும் அது சமர்த்து இல்லை, பயம்.

ஓட வழியில்லாதபோது கினிப்பன்றி அப்படியே உறைந்துபோகும். வேட்டையாடும் விலங்கின் கண்ணில் சட்டென்று படுவது அசைவுதான். புல்லுக்குள் சிலையாக இருந்தவை பிழைத்தன, குட்டி போட்டன. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள் இவற்றை வீட்டுப் பிராணியாக்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியும் அந்தப் பயம் விட்டுப்போகவில்லை. வெளியே அசைவில்லாமல் இருக்கும் உடம்புக்குள் பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்களான அட்ரினலினும் கார்டிசாலும் ஏறிக்கொண்டிருக்கும்.

பயமா, நிம்மதியா என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கொத்தமல்லித் தழையை மூக்கருகே நீட்டுங்கள். நாளெல்லாம் கொறித்துக்கொண்டே இருக்கும் பிராணி அது. தழையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றால் நிம்மதியாக இல்லை என்று அர்த்தம்.

நம் கை அதற்கு எப்படித் தெரியும் என்பதையும் யோசிக்க வேண்டும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். மேலிருந்து இறங்கும் கை, பாய்ந்து வரும் பருந்துபோலத்தான். அதனால் கையைத் தரையோடு தரையாக, பக்கவாட்டில் மெதுவாகக் கொண்டுபோவது நல்லது.

பயத்தைப் போக்குவது மூளையின் ஒரு சாதாரண வேலையை நம்பித்தான் நடக்கிறது. கெடுதல் எதுவும் செய்யாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால், மூளை அதைப் பொருட்படுத்துவதை மெல்ல நிறுத்திவிடும். ஆனால் அளவு சிறியதாக இருக்க வேண்டும். தினமும் கூண்டுக்குள் துரத்திப் பிடித்தால் பயம் குறையாது, கூடும். 'கை வந்தால் ஆபத்து' என்ற பாடத்தை நாமே சொல்லிக்கொடுப்பதுதான் அது.

முதல் சில நாள் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசினாலே போதும். அப்புறம் கையிலிருந்து தழை. அது தயங்காமல் சாப்பிடத் தொடங்கியதும், சாப்பிடும்போதே காதுக்குப் பின்னால் லேசாகத் தடவலாம். பின்பக்கத்தைத் தொடுவது பலவற்றுக்குப் பிடிக்காது. தலையை வெடுக்கென்று மேலே தூக்கினால் 'கையை எடு' என்கிறது, எடுத்துவிடுங்கள். தூக்கும் கட்டம் வரும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், உடனே நம் நெஞ்சோடு அணைப்பு. உடம்பு எங்கும் தொங்கக் கூடாது. திமிறிக் குதித்து விழுந்தால் எலும்பு முறியலாம் என்பதால் தரையில் உட்கார்ந்துதான் பழக்க வேண்டும். ஓரிரு நிமிடம் போதும். அது பொறுமை இழப்பதற்கு முன்பே இறக்கிவிடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

துணை இருந்தால் வேலை பாதி முடிந்தது. கூட்டமாக வாழும் பிராணி இது. பழகிய ஜோடி பக்கத்தில் இருக்கும்போது புது இடத்தில்கூட அதற்குக் கார்டிசால் குறைவாகவே ஏறுகிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். தனியாக வளரும் ஒன்று மிரண்டுகொண்டே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

குரலைக் கவனிப்பதும் உதவும். தளர்ந்த உடம்போடு வரும் ஆழமான குறுகுறு சத்தம் திருப்தி. உடம்பு விறைத்து, 'துர்ர்' என்று சட்டென முடிந்தால் கலக்கம். பல்லை நறநறவென்று கடித்தால் கோபம், அன்றைக்கு விட்டுவிடுவதே நல்லது.

நன்றாகப் பழகிய ஒன்று திடீரென்று தொடவிடாமல் விலகினால் அதைப் பயம் என்று தள்ளிவிடக் கூடாது. மனிதரைப்போலவே கினிப்பன்றியின் உடம்பாலும் வைட்டமின் சி தயாரிக்க முடியாது. உணவில் அது குறைந்தால் மூட்டு வலிக்கும், தூக்கினால் இன்னும் வலிக்கும். கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டியதுதான்.

மடியில் சுகமாக இருந்த கினிப்பன்றி பத்துப் பதினைந்து நிமிடத்தில் நெளிய ஆரம்பித்து, சட்டையைக் கடித்து இழுக்கிறதா? கொஞ்சல் என்று நினைத்துவிடாதீர்கள். பல நேரம் அதற்குச் சிறுநீர் வந்திருக்கும். சீக்கிரம் கூண்டுக்குக் கொண்டுபோங்கள்.